அணில் நிற்கும் வீடு

கொல்லையில் கிடந்த கிரீஸை முதலில் கண்டுபிடித்தது தனக்கோடியின் வெள்ளாடுதான். நக்கிப் பார்த்து, வயிறு கெட்டு, கொட்டகை முழுக்கக் கழிந்து வைத்தது. தனக்கோடி அந்தக் கருநீலக் கட்டியைக் கொட்டாங்குச்சியில் வழித்தெடுத்துக்கொண்டு இன்பவள்ளியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“உங்க கம்பெனி சரக்குதான இது? ஆட்டுக்கு யாரு வைத்தியம் பாக்குறது?”

“நான் என்ன மாட்டாஸ்பத்திரியா வச்சிருக்கேன்? பெல்ட்டுக்குக் கீழ ஏன் ஆட்ட உடுற?”

“பெல்ட்டுக்குக் கீழ எங்க உட்டேன்? எங்க வேலிக்கு உள்ளார கெடந்துச்சுடி. யாரோ வேணும்னே வச்சிட்டுப் போனாப்புல.”

இன்பவள்ளி கொட்டாங்குச்சியை வாங்கி, விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. அணிலுக்கு ஊற்றும் கிரீஸ்.

மேலக்கருவேட்டின் கிழக்குத் தெருவுக்குப் பின்னால், கொல்லைகளை ஒட்டி ஓடியது அந்தப் பெல்ட்டு. சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலை வரைக்கும், இரும்புக் கால்களின் மேல், ஊர் ஊராகத் தாண்டிப் போகும் ரப்பர் பட்டை. அதைத் தாங்கி ஆயிரக்கணக்கான உருளைகள் சுழன்றன. ஒவ்வோர் உருளையின் முனையிலும் பேரிங். பேரிங்குக்குக் கிரீஸ் வேண்டும். முன்பெல்லாம் ஆட்கள் கிரீஸ் கன்னைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து நடந்து அடிப்பார்கள். வெயில் ஏறினால் பாதியை விட்டுவிட்டு, முழுதும் அடித்தாயிற்று என்பார்கள். இன்பவள்ளி பெல்ட்டுப் பராமரிப்புக்கு மேற்பார்வையாளராக வந்த சமயத்தில்தான் அவர்களுக்குப் பதிலாக டிராலி வந்தது.

தையல் மிஷின் மூடி அளவுதான் இருக்கும். பெல்ட்டின் பக்கவாட்டில் ஒற்றைத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து போகும். ஒவ்வோர் உருளையின் அருகிலும் நின்று, இரண்டு மைக்கையும் சாய்த்துக் காது கொடுக்கும். என்ன சத்தம் கேட்கிறதோ அதற்குத் தகுந்த அளவு கிரீஸை மூக்குக் குழாய் வழியாக அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். இனி தேறாது என்று கண்ட உருளைக்கு ஒரு சொட்டும் தராது. இரும்புச் சட்டத்தில் சிவப்பு பெயிண்டால் ஒரு பொட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடும். பின்னால் வரும் ஆட்கள் பொட்டைப் பார்த்து உருளையை மாற்றுவார்கள். ஓடி நின்று ஓடுவதால் ஊர்க்காரர்கள் அதற்கு அணில் என்று பெயர் வைத்தார்கள். கம்பெனியிலும் அதுவே நிலைத்தது.

முதல் ஷிப்ட் முடிந்து, சுரங்கத்தில் ஆள் மாறும் பிற்பகலில் பெல்ட்டு வெறுமையாக ஓடும். கல் விழும் இரைச்சல் இல்லாத அந்த நேரம்தான் அணிலுக்கு வசதி. ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கும். மறுநாள் அந்த வேளையில் இன்பவள்ளி தண்டவாளத்தை ஒட்டி அதன் கூடவே நடந்தாள். உருளை, நிறுத்தம், கிரீஸ். உருளை, நிறுத்தம், கிரீஸ். குழாயில் எங்கும் கசிவு இல்லை. தனக்கோடி வீட்டுப் பின்புறம் வந்தபோது, இரண்டு உருளைகளுக்கு நடுவே, எதுவுமே இல்லாத இடத்தில் அணில் நின்றது. மைக் இரண்டும் பெல்ட்டை விட்டு விலகி, மெதுவாக வெளிப்பக்கம் திரும்பின. கொட்டகையைப் பார்த்தபடி அப்படியே இருந்தன. பிறகு குழாயும் திரும்பியது. ‘டக், டக், டக்’ என்று மூன்று தடவை அடித்தது. கிரீஸ் வேலிக்குள் விழுந்தது.

கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் தனக்கோடியின் மாமனார் சாமிக்கண்ணு படுத்திருந்தார். வாலிபம் முழுக்கக் கல் உடைத்தவர். அவர் மூச்சு விடுவது வேலிக்கு வெளியே இன்பவள்ளிக்கும் கேட்டது.

அன்று மாலையே அவள் சாம்சனுக்குப் போன் செய்தாள். அணிலுக்குக் காது பழக்கியவன் அவன்தான். சென்னையிலிருந்து வந்து, பதிவுகளையெல்லாம் கேட்டுவிட்டு, கன்ட்ரோல் ரூமில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“என் தப்புதான் மேடம். சத்தத்த ரெக்கார்ட் பண்ணிப் போட்டுக் காட்டி, இதுக்கு என்ன பேருன்னு உங்க ஆளுங்களக் கேட்டேனே, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. கேண்டீனுக்குப் பின்னால் மூன்று பழைய கிரீஸ்காரர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டீயும் வடையுமாக ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார்கள். லேசாகக் கீச்சிட்டால் ‘சிணுங்குது’ என்றார்கள். கரகரத்தால் ‘இருமுது’. எண்ணெய்ப்பசை வற்றி, விட்டு விட்டுத் தேய்ந்தால் ‘இழுக்குது’. குண்டு உடைந்து கடகடவென்றால் மூன்று பேரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே, ‘சங்குதான்!’

“நீங்க எல்லாரும் அப்படித்தான சொல்லுவீங்க, அதே பேரு இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டிருக்கணும். இதோட மூளை வெறும் மூளை இல்ல மேடம். தமிழ்ப் பேச்சக் கேட்டுக் கேட்டு வளந்தது. வீட்டுல பேசுனது, ஆஸ்பத்திரில பேசுனது, போன்ல அழுதது. ‘இழுக்குது’ன்னா என்னன்னு அதுக்கு பேரிங்க பாக்குறதுக்கு முன்னாடியே தெரியும்.”

“என்ன தெரியும்?”

“‘அப்பாவுக்கு நேத்துலேருந்து இழுக்குது, கிளம்பி வா’ன்னு யாரோ போன்ல சொல்லியிருப்பாங்க. பின்னாடி கட்டில்ல அந்த மூச்சும் கேட்டிருக்கும். அதையும் இதையும் ஒண்ணாச் சேத்து வச்சுக்கிச்சு.”

“அப்ப ஆளுக்கும் உருளைக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாதா?”

“அந்த வித்தியாசத்தப் பாக்குற வேலைய நாம அதுக்குக் குடுக்கலையே மேடம்.”

ஆளுக்கும் பொட்டு வைக்குமா என்ற கேள்வி அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. அந்த வாரமே தனக்கோடி வீட்டுப் பின்புறம் கிரீஸ் விழாமல், சட்டத்தில் சிவப்புப் பொட்டு இருந்தது. உருளை மாற்ற வந்த ஆட்கள் இரண்டு பக்கத்து உருளைகளையும் கையால் சுற்றிப் பார்த்தார்கள். வெண்ணெய் மாதிரி சுற்றின. “அணிலுக்குக் கண்ணு தெரியல” என்று திட்டிக்கொண்டே போனார்கள். அவர்கள் ஏணியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தபோதே தனக்கோடியின் கொட்டகையில் அழுகுரல் கேட்டது.

அடுத்த பொட்டு மாரியம்மன் கோயிலுக்கு எதிரே இருந்த அஞ்சலாட்சி வீட்டுக்கு. அவள் நான்காம் நாள் போனாள். அதற்கப்புறம் ஊரில் யாருக்கும் எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அணிலிடமிருந்து இந்தப் பழக்கத்தை ஒரே நாளில் எடுத்துவிட முடியும் என்றான் சாம்சன். ஊர்தான் விடவில்லை. கம்பெனி கேட்டருகே பெண்கள் கூடி நின்றார்கள். தனக்கோடிதான் முன்னால் நின்றாள்.

“டவுனு ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுத்தா சளின்றான். மாத்திரை குடுத்து அனுப்புறான். எங்க மாமனுக்கு என்னன்னு கடைசி வரைக்கும் ஒருத்தன் வாயத் தொறக்கல. இது ஒண்ணுதான் உள்ளத உள்ளபடி சொல்லுது. இதையும் புடுங்கிட்டுப் போவப் பாக்குறியா தம்பி?”

“அக்கா, அது பேரிங் பாக்குற மிஷின்…”

“இருக்கட்டும். எங்களையும் பாக்குதுல்ல?”

சாம்சன் இன்பவள்ளியைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். “கொஞ்ச நாள் போவட்டும் சார்” என்றாள். அணில் அதுவரை அவள் வீட்டுக்குப் பின்னால் நின்றதில்லை. நிற்கவில்லை என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவள் கணவன் கலியபெருமாள் கிரஷரில் பல வருஷம் இருந்து, மூச்சு முட்டுகிறது என்று விட்டுவிட்டு, இப்போது வாடகைக்கு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பிற்பகலும் முதல் ஷிப்ட் முடிந்து வந்து படுத்து, தன் வீட்டை அணில் நிற்காமல் தாண்டிப் போவதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் கண் அயர்ந்தாள்.

ஊர் அணிலுக்குப் பழகிக்கொண்ட விதம் விசித்திரமாக இருந்தது. கிரீஸ் விழுந்தால் நல்லது. இன்னும் தேறும் என்று அர்த்தம். சில வீடுகளில் அதை வழித்து நெஞ்சில் தடவினார்கள். அடுத்த தெருவிலிருந்து நோயாளிகளைக் கட்டிலோடு தூக்கி வந்து பெல்ட்டு ஓரம் படுக்க வைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்த கையோடு கொல்லைப்புறம் போய் மண்ணைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நிச்சயம் வரை வந்த ஒரு சம்பந்தம் ஓர் உருண்டை கிரீஸால் நின்று போயிற்று. பொட்டு விழுந்த வீட்டில், அதுவரை எழுந்து நடமாடிக்கொண்டிருந்த ஓர் ஆள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார், கஞ்சியை வாங்க மறுத்தார், போய்ச் சேர்ந்தார். போகிற ஆள் என்று அணில் சொன்னதா, அணில் சொன்னதால் போனாரா என்று இன்பவள்ளி பல நாள் யோசித்தாள். அதைக் கேட்க ஊரில் ஆள் இல்லை. எல்லாரும் பிற்பகலில் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள், அவள் வீட்டு வேலியோரம் முதல் கட்டி விழுந்தது.

கலியபெருமாள்தான் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். “வள்ளி, உன் கம்பெனில எனக்கும் சர்வீஸ் பண்ண ஆரமிச்சிட்டாங்க. டிராக்டருக்கும் கொஞ்சம் அடிச்சிட்டுப் போவச் சொல்லு” என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது. அவள் திருச்சிக்குக் கூட்டிப்போனாள். அங்கே மூச்சுக்கு உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார்கள். உள்ளே படிந்த தூசு படிந்ததுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பஸ்ஸிலேயே முடிவு செய்தார்கள். அதன்பின் நாள்தோறும் ஓர் உருண்டை விழுந்தது. ‘டக், டக்’ என்று கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

மார்கழியில் ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்கவில்லை. அணில் வந்து நின்றது. வெகு நேரம் நின்றது. பிறகு ‘புஸ்’ என்று ஒரு சின்னச் சீறல். கைக்குழந்தையை அதட்டுகிற மாதிரி.

அவள் பக்கத்தில் பார்த்தாள். கலியபெருமாள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். பூனை போல எழுந்து பின்கதவைத் திறந்தாள். அவள் கை உயர்த்தினால் எட்டும் உயரத்தில், சட்டத்தின் மேல் பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. முந்தானையால் துடைத்தாள், இரும்பெல்லாம் சிவப்பாகப் பரவியதுதான் மிச்சம். மண்ணெண்ணெய் எடுத்து வந்து தேய்த்தாள். அப்புறம் கம்பெனிப் பையிலிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்து, அணில் வைப்பது போலவே வேலிக்குள் ஓர் உருண்டை வைத்தாள்.

சாயங்காலம் எழுந்த கலியபெருமாள் வழக்கம்போலக் கொல்லைக்குப் போய்விட்டு வந்தான். “இன்னைக்கும் படி அளந்துட்டுப் போயிருக்கு” என்றான். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான்.

அந்த ஆள் சுவர்ப்பக்கம் திரும்பியது போல இவனும் திரும்பிவிடக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் சீறல் கேட்டதும் எழுந்தாள், துடைத்தாள், வைத்தாள். கைகளில் மண்ணெண்ணெய் நாறியது. அடுப்பில் புகை என்று ஏதோ சொன்னாள். ஒரு வாரம் போயிற்று. இரண்டாம் வாரமும் போயிற்று. கலியபெருமாள் டிராக்டர் ஓட்டிக்கொண்டுதான் இருந்தான்.

பொங்கலுக்கு முந்திய நாள்களில் ஆலையில் வேலை நெரித்தது. ஒரு பிற்பகல், அலுப்பில் அவள் அடித்துப் போட்டாற்போலத் தூங்கிவிட்டாள். விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பதறிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

சட்டம் சுத்தமாக இருந்தது. வேலிக்குள் கிரீஸ் இருந்தது.

அவள் அந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதாள். மனசு மாறியிருக்கிறது. ஒரு மிஷின் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டிருக்கிறது. சாம்சனுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நாளைக்கும் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தாள்.

மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அணில் வந்தது. நின்றது. ‘புஸ்.’

அவள் எழுந்திருக்கக் கையை ஊன்றும் முன், பக்கத்தில் பாய் சரசரத்தது. கலியபெருமாள் எழுந்து, அவள் முகத்தருகே குனிந்து, தூங்குகிறாளா என்று பார்த்தான். அவள் அசையவில்லை. பின்கதவு மெல்லத் திறந்தது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அவன் டிராக்டர் துடைக்கும் துணியால் சட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவசரத்தில் மூச்சு வாங்கியது. பிறகு அவளுடைய கிரீஸ் டப்பாவிலிருந்து இரண்டு விரலால் அள்ளி, வேலிக்குள் வைத்து, கொழுக்கட்டை பிடிப்பது போல உருட்டிச் சரி செய்தான்.

அவள் வெளியே வந்து நின்றாள். “எத்தன நாளாத் தெரியும் உங்களுக்கு?”

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். கையைப் பின்னால் மறைத்தான். “நேத்துதான் பாத்தேன் புள்ள. நீ பயந்துடாத. மிஷினுதான, ஏதோ தப்பாக் கேட்டிருக்கும். உனக்கு ஒண்ணும் ஆவாது.”

“எனக்கா?”

“நீ பாக்கக் கூடாதுன்னுதான் தொடச்சேன்.”

“எனக்கு என்னங்க? பொட்டு உங்களுக்கு. ரெண்டு வாரமா நான்தான் தொடச்சிக்கிட்டு இருக்கேன்.”

கலியபெருமாள் அவளையே பார்த்தான். பிறகு கீழே உட்கார்ந்தான். “வள்ளி, நீ தூங்கறப்ப உனக்கு இழுக்குதுடி.”

“பொய் சொல்லாதீங்க.”

“தூங்குறவளுக்கு எப்படித் தெரியும்? போன வருசம் பிடிச்சே இருக்கு. பெல்ட்டு ஓரமே கெடக்குற, தூசு உன்ன மட்டும் உட்டுடுமா? மொதக் கட்டி விழுந்தன்னைக்கே அது உனக்குத்தான்னு எனக்குத் தெரியும். எனக்குன்னு நீ நெனச்ச, நெனச்சிட்டுப் போவட்டும்னு உட்டுட்டேன். திருச்சிக்குக்கூட வந்தேன்ல.”

“உங்களுக்குத்தான் முட்டுது. ஊருக்கே தெரியும்.”

“எனக்கு அந்த மருந்து உறிஞ்சப்பறம் எவ்வளவோ தேவல.”

“ரெண்டு பேருக்கும் இருந்தா ரெண்டு உருண்டைல்ல வச்சிருக்கும்?”

“அதான் சொல்றேன். ஒருத்தருக்குத்தான்.”

பெல்ட்டு தலைக்கு மேல் வெறுமையாக ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவர் நெஞ்சை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஏறி இறங்குவதை. பார்க்கிறோம் என்று தெரிந்ததும் இருவருமே மூச்சை அடக்கி, மெதுவாக விட்டார்கள்.

“ஒண்ணு பண்ணு,” என்றான் கலியபெருமாள். “நாளைக்கு நீ ஜெயங்கொண்டம் போயிடு, உங்க அக்கா வூட்டுக்கு. நான் மட்டும் இருக்கேன். பொட்டு விழுந்தா எனக்கு. விழலன்னா…”

“விழலன்னா?”

அவன் விரலில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான்.

இன்பவள்ளி சாம்சனுக்குப் போன் செய்தாள். “எடுத்துடுங்க சார். ஊரு என்ன வேணா சொல்லட்டும்.”

“நாளான்னைக்கு வந்துடுறேன் மேடம். இங்கேருந்தே பண்ண முடியாது.” பிறகு, “உங்க வீட்டுலயா?” என்று கேட்டான்.

“தப்பாக் கேட்டிருக்கலாம்ல சார்?”

“கேட்டிருக்கலாம்” என்றான் சாம்சன். அவன் குரலில் பொறியாளர் இல்லை.

ஆக, இன்னும் ஒரு பிற்பகல். அவள் ஜெயங்கொண்டம் போகவில்லை. அவனும் போ என்று சொல்லவில்லை. கறிவேப்பிலை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள்; இருவரும் சாப்பிட்டார்கள். பாயை விரித்து, ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பாமல், மேலே பார்த்தபடி படுத்தார்கள். மின்விசிறியை அவன் நிறுத்தினான்.

தெருவில் ஒரு சத்தமும் இல்லை. தூரத்தில் அணில் வந்தது. உருளை, நிறுத்தம், கிரீஸ். தனக்கோடி வீட்டை நிற்காமல் தாண்டியது. இவர்கள் கொல்லைக்கு வந்து நின்றது.

அப்போதுதான் அவள் உணர்ந்தாள்: பக்கத்தில் கலியபெருமாளின் மூச்சுச் சத்தம் இல்லை.

சட்டென்று விஷயம் புரிந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். தன் சத்தம் கலக்காமல், அவள் ஒருத்தியின் மூச்சை மட்டும் அணில் கேட்கட்டும் என்று. தெரிந்துகொள்ளப் பார்க்கிறான்.

தெரியக் கூடாது. அவளும் மூச்சைப் பிடித்தாள்.

வெளியே மைக் இரண்டும் திரும்பும் சின்ன முனகல் கேட்டது. வீட்டுக்குள் எதுவும் அசையவில்லை. எப்போதும் இவ்வளவு நேரத்தில் சீறிவிட்டுப் போயிருக்கும். போகவில்லை. அதற்கு இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் தலையை மட்டும் திருப்பினாள். கலியபெருமாளும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கன்னமும் உப்பி, கண்கள் பிதுங்க, குளத்தில் முங்கிப் போட்டி போடும் பிள்ளையைப் போல இருந்தான். அவளுடைய கன்னமும் அப்படித்தான் இருந்திருக்கும். அவன் கண்ணில் நீர் கோத்தது. வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று அவனும் ஆட்டினான்.

காதுக்குள் ரத்தம் இடித்தது. விலா எலும்புகளுக்குக் கீழே தீ பிடித்தாற்போல எரிந்தது. அவன் அவள் கையைத் தேடிப் பிடித்து, அழுத்தினான், அவளும் அழுத்தினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம், அணில் நகராமல் காது கொடுத்துக்கொண்டிருந்தது.